டொமைன் யார் பெயரில் இருக்கிறது? குமரி மாவட்ட லாட்ஜ், கடை வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கன்னியாகுமரியில் 14 அறைகள் உள்ள ஒரு லாட்ஜ். போன அக்டோபர் 3-ஆம் தேதி அதன் இணையதளம் நின்றது. அதே நாளில் லாட்ஜ் பெயரில் இருந்த மின்னஞ்சலும் நின்றது. தளம் செய்து கொடுத்தவரைக் கூப்பிட்டால், "சர்வர் மெயின்டனன்ஸ் அண்ணே, சாயங்காலம் வந்திரும்" என்றார். ஒரு வாரம் அதே பதில். பிறகு போன் எடுக்கவில்லை. கார்த்திகை ஒன்று பிறந்து ஐயப்ப பக்தர்கள் வண்டி வண்டியாக வரத் தொடங்கியபோதும் தளம் இல்லை. டிசம்பர் 22-ஆம் தேதி டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். இத்தனைக்கும் லாட்ஜ்காரர் ஆகஸ்டிலேயே அந்த வருஷத்துக்கான 7,500 ரூபாயைக் கட்டிவிட்டார். கையில் இருக்கும் ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பிடிஎஃப்.

நடந்தது சர்வர் கோளாறு அல்ல. வாங்கிய பணத்தில் டொமைனைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். டொமைன் லாட்ஜின் பெயரிலும் இல்லை. செய்து கொடுத்தவரின் கணக்கில், அவருடைய மின்னஞ்சலில் இருந்தது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் எங்கும் இதே முறையில்தான் பல கடைகளுக்குத் தளம் போட்டுக் கொடுக்கப்படுகிறது. ஆகவே இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது, எந்த இடத்தில் அறுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

டாட் காம் பெயர்கள் அனைத்துக்கும் மொத்தப் பதிவேடு வைத்திருப்பது வெரிசைன் என்ற ஒரே நிறுவனம். 15 கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இருக்கின்றன. ஒரு பெயருக்கு ஒரு வருஷத்துக்கு அது பதிவாளர்களிடம் வாங்கும் மொத்த விற்பனை விலை 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. அதற்குக் கீழே, உலக அளவில் டொமைன் முறையை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பதிவாளர்கள், அதாவது பெயரைப் பதிந்து தரும் நிறுவனங்கள். கோடாடி என்ற பதிவாளரிடம் மட்டும் 2 கோடிக்கு மேல் வாடிக்கையாளர்கள். டாட் இன் பெயர்களுக்குப் பதிவேடு நம் நாட்டின் நிக்சி. பதிவாளருக்குக் கீழே ரீசெல்லர் (வாங்கி விற்பவர்), அவருக்குக் கீழே இன்னொரு ரீசெல்லர், கடைசியில் நம் ஊர் டிசைனர். உங்கள் பணம் இத்தனை கை மாறிப் போகிறது. ஒரு கை மூடிக்கொண்டால் பெயர் போய்விடும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு டிசைனர் மாதம் 1,500 ரூபாய்க்கு ரீசெல்லர் திட்டம் (பல தளங்களை வைக்கச் சர்வரில் இடம்) எடுத்து, அதில் 50 தளங்களை ஏற்றினால் ஒரு தளத்துக்கு மாதம் 30 ரூபாய், வருஷம் 360. டாட் காம் பெயர் ஜிஎஸ்டியோடு சுமார் 1,200. ஆக, அவர் கைச்செலவு 1,600 ரூபாய்க்குள். மிச்சம் அவருடைய உழைப்புக்கும் லாபத்துக்கும். லாபம் வைப்பது தப்பே இல்லை. பக்கத்தில் இருந்து போன் எடுத்து, படம் மாற்றி, கட்டண விவரம் திருத்திக் கொடுப்பவருக்கு அந்தக் காசு தகும். ஆனால் அந்த 1,200-ஐக்கூட மேலே கட்டாமல் மொத்தத்தையும் வைத்துக்கொள்வது திருட்டு. 99 ரூபாய்க்கு டாட் காம் என்று யாராவது சொன்னால், மொத்த விலையே அதைப்போல பல மடங்கு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் நஷ்டத்துக்குக் கொடுத்து, இரண்டாம் வருஷத்திலிருந்து பிடிப்பார்கள். 'ஆயுட்கால டொமைன்' என்பது முழுப் பொய். டாட் காம் பெயரை ஒரே சமயத்தில் 10 வருஷத்துக்கு மேல் பதியவே முடியாது.

சின்ன ரீசெல்லர்கள் திடீரென்று காணாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர்களில் பலர் பயன்படுத்துவது, சர்வரில் உள்ள தளங்களை நிர்வகிக்கும் சிபேனல் என்ற மென்பொருள். முன்பெல்லாம் ஒரு சர்வருக்கு ஓர் உரிமம் வாங்கினால் போதும், எத்தனை கணக்கு வேண்டுமானாலும் திறக்கலாம். 2019-இல் அதைக் கணக்கு எண்ணிக்கைப்படி விலை என்று மாற்றினார்கள். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கில் ஏற்றிவைத்திருந்தவர்களின் செலவு எகிறியது. சிலர் விலை ஏற்றினார்கள், சிலர் கடையை மூடினார்கள், சிலர் திருட்டு உரிமத்துக்குப் போனார்கள். இந்தக் கடைசி வகையிடம் தளம் வைத்திருப்பது மிக ஆபத்து. அதே ஆள்தான் வேர்ட்பிரஸ் (தளம் கட்டும் மென்பொருள்) வடிவமைப்பான 'தீம்' என்பதையும் 'நல்டு' என்று சொல்லப்படும் திருட்டுப் பதிப்பாகப் போட்டிருப்பார். அதற்குள் வெளியாள் புகுவதற்கான பின்வாசல் இருக்கலாம். கூகுள் தேடலில் சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். நீங்கள் போடாத மருந்து, சூதாட்டம், ஜப்பானிய எழுத்துப் பக்கங்கள் வந்தால் உங்கள் தளத்துக்குள் வேறு ஆள் புகுந்துவிட்டான் என்று பொருள்.

பெரிய பெயர் என்றால் பத்திரம் என்றும் இருந்துவிட வேண்டாம். இந்தத் தொழில் வளர்ந்த விதமே ஒருவர் மற்றவரை வாங்கி வளர்ந்ததுதான். புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர், பிக்ராக், ரீசெல்லர்கிளப் எல்லாம் நியூஃபோல்டு டிஜிட்டல் என்ற ஒரே குடையின் கீழ் வந்தவை. 2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து டேட்டா சென்டர் ஒன்றில் கோளாறு வந்தபோது புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர், ஜஸ்ட்ஹோஸ்ட் மூன்றும் ஒன்றாக விழுந்தன. 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் கட்டடம் எரிந்தது. லட்சக்கணக்கான தளங்கள் நின்றன. அதே வளாகத்திலேயே நகலும் வைத்திருந்தவர்களில் பலருக்கு எதுவும் மிஞ்சவில்லை. "பேக்கப் நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்பவரிடம், அது வேறு ஊரில் இருக்கிறதா, கடைசியாக எந்தத் தேதியில் எடுத்தது, ஒரு முறையாவது திரும்ப ஏற்றிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். மூன்றாம் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது.

அன்லிமிடெட் என்ற சொல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு. இடத்துக்கு வரம்பு இல்லை என்பார்கள். கோப்பு எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும். அதற்கு ஐநோடு என்று பெயர். புதிதாக ஏற்றிய வேர்ட்பிரஸ் மட்டுமே ஆயிரக்கணக்கான கோப்புகள். அதே சர்வரில் மின்னஞ்சல் இருந்தால் ஒவ்வொரு கடிதமும் ஒரு கோப்பு. நான்கு வருஷத்து முன்பதிவுக் கடிதங்களை அழிக்காமல் வைத்திருக்கும் லாட்ஜுக்கு ஒரு நாள் புதுக் கடிதம் வருவது நின்றுவிடும், இடம் பாதிக்கு மேல் காலியாக இருக்கும்போதே. சீசனில் ஒரே நேரத்தில் பத்திருபது பேர் தளத்தைத் திறந்தால் 508 என்ற எண்ணோடு பிழை வருகிறதா? உங்கள் கணக்கில் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகளுக்கான வரம்பு முட்டிவிட்டது என்று அர்த்தம். உடனே பெரிய திட்டம் வாங்கச் சொல்வார்கள். முதலில் அறைப் படங்களின் அளவைக் குறையுங்கள், பக்கங்களின் நகலைச் சேமித்து வேகமாகக் காட்டும் கேஷ் (cache) பிளகின் என்ற துணை மென்பொருளைப் போடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

தளத்துக்கும் பார்வையாளருக்கும் இடையே போகும் தகவலை மறையாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாக வருஷம் 3,000 என்று பில் போட்டால் கேள்வி கேளுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் அதை இலவசமாகக் கொடுக்கிறது. சின்னக் கடைக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

இனி, உங்கள் பெயர் யார் கையில் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? ஐகேனின் லுக்கப் பக்கத்தில் உங்கள் டொமைனை அடியுங்கள். பதிவாளர் யார், எந்தத் தேதியில் முடிகிறது, நிலை என்ன, நேம்சர்வர் (பெயரைத் தளம் இருக்கும் சர்வருக்குக் காட்டுவது) எது என்ற நான்கையும் குறித்து வையுங்கள். உரிமையாளர் பெயர் இப்போது பெரும்பாலும் மறைத்தே காட்டப்படுவதால் அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. நம்பகமான சோதனை வேறு. டாட் காம் போன்ற பெயர்களுக்கு, முடிவு தேதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், முடிந்து ஐந்து நாளுக்குள் இன்னொரு முறையும் பதிவாளர் நினைவூட்டல் அனுப்பியே ஆக வேண்டும் என்பது ஐகேன் விதி. அந்தக் கடிதம் உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை என்றால் (ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள்) டொமைன் பெரும்பாலும் உங்களுடையதாகப் பதியப்படவில்லை. பதிவாளரின் தளத்தில் நீங்களே உள்நுழைந்து முடிவு தேதியைப் பார்க்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் நாளைக்கே அதைக் கேட்டு வாங்குங்கள்.

பதிவு மின்னஞ்சல் விஷயத்தில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. அந்த டொமைனிலேயே இயங்கும் மின்னஞ்சலைப் பதிவுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். டொமைன் நின்றால் அதுவும் நின்றுவிடும். மீட்பதற்கான கடிதம் வந்து சேராது. கடைக்காரர் பெயரில் தனியாக ஒரு ஜிமெயில் வைத்து, அதில் இரட்டைச் சரிபார்ப்பும் போட்டு, அதைக் கொடுங்கள். கூகுள் மேப்பில் உள்ள உங்கள் கடைப் பக்கத்துக்கும் முதன்மை உரிமையாளர் நீங்கள்தானா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். அதையும் டிசைனரின் கணக்கில் திறந்து வைத்திருப்பார்கள்.

டாட் காம் பெயர் முடிந்த மறுநாளே அது போய்விடாது. முதலில் அதிகபட்சம் 45 நாள்வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கலாம். இந்தக் காலம் பதிவாளருக்குப் பதிவாளர் மாறும், சிலர் குறைத்தே தருவார்கள். அதற்குப் பிறகு 30 நாள் 'ரிடெம்ப்ஷன்'. அப்போதும் மீட்கலாம், ஆனால் பல மடங்கு கட்ட வேண்டும். கடைசி 5 நாள் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது முடிந்ததும் பெயர் சந்தைக்கு வரும். பார்வையாளர் வந்துகொண்டிருந்த பழைய பெயர்களை அள்ளுவதற்கென்றே மென்பொருள் வைத்துக் காத்திருக்கிறார்கள். லாட்ஜின் தேதிகளைக் கூட்டிப் பாருங்கள்: அக்டோபர் 3 முதல் டிசம்பர் 22 வரை சரியாக 80 நாள். மெயின்டனன்ஸ் என்று சொன்ன முதல் வாரத்திலேயே லுக்கப் பக்கத்தைத் திறந்து, பதிவாளரைப் பிடித்திருந்தால், வழக்கமான புதுப்பிப்புக் கட்டணத்தில் முடிந்திருக்கும்.

விலகுவது என்று முடிவு செய்தால் வரிசை முக்கியம். விலகுவதாகச் சொல்வதற்கு முன்பே சிபேனலுக்குள் போய் முழு பேக்கப்பை இறக்கிக்கொள்ளுங்கள். கோப்புகள் மட்டும் போதாது, டேட்டாபேஸும் வேண்டும். மின்னஞ்சல்களைத் தனியாக இறக்குங்கள். அதன் பிறகே, டொமைனை வேறு பதிவாளருக்கு மாற்றத் தேவைப்படும் குறியீட்டைக் கேளுங்கள். கேட்ட ஐந்து நாளுக்குள் பதிவாளர் அதைக் கொடுக்க வேண்டும். புதிதாகப் பதிந்த 60 நாளுக்குள் உள்ள பெயரைப் பொதுவாக வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது, அதனால் அந்தக் காலத்தில் குறியீடு கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ரீசெல்லர் தர மறுத்தால் அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்காமல், அவருக்கு மேலே உள்ள பதிவாளருக்கு நேரடியாக எழுதுங்கள்: கட்டிய ரசீது, உத்யம் பதிவு, கடைப் பெயர்ப்பலகையின் படம், பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் சேர்த்து. புதிய இடத்துக்கு மாறும் முந்தைய நாள் டிஎன்எஸ்ஸில் (பெயரைச் சர்வரோடு இணைக்கும் பதிவுகள்) டிடிஎல் மதிப்பை, அதாவது பழைய பதிவு நினைவில் நிற்கும் நேரத்தை, 300 வினாடியாகக் குறைத்து வைத்தால், மாற்றம் பெரும்பாலும் சில நிமிஷங்களில் பரவும். மின்னஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை நகலெடுக்க மறந்தால் தளம் வரும், மின்னஞ்சல் வராது.

ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை என்பதை மட்டும் வைத்து ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருப்பவர் பொதுவாகப் பதிய வேண்டியதில்லை. ஆனால் 18 சதவீதம் வரி என்று போட்டு வாங்கிவிட்டு எண் இல்லாமல் ரசீது கொடுத்தால் அது குற்றம்.

பணம் போனவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அடுத்தது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, ஏமாற்றியவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 'வணிக நோக்கம்' என்று எதிர்த்தரப்பு சொல்லும். சொந்தப் பிழைப்புக்காகச் செய்யும் சுயதொழில் என்பதை மனுவிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

அந்த லாட்ஜின் பழைய முகவரி இப்போது ஒரு சூதாட்டப் பக்கத்துக்குப் போகிறது. வாங்கியவர் முறைப்படி வாங்கியிருப்பதால் திருப்பிக் கேட்பது கடினம். புதுப் பெயர் எடுத்து, இந்த முறை உரிமையாளரின் கணக்கிலேயே பதிந்தாயிற்று. ஆனால் வரவேற்பு மேசையில், அறைச் சாவி அட்டையில், ரயில் நிலையப் பக்கம் வைத்த பலகையில் அச்சடித்த க்யூஆர் கோடுகள் இன்னும் பழைய முகவரியைத்தான் திறக்கின்றன. குடும்பத்தோடு வருகிறவர் ஸ்கேன் செய்தால் அந்தப் பக்கம்தான் வரும். உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால், வேறு எதற்கும் முன்னால் அந்தக் கோடுகள் ஒவ்வொன்றின் மேலும் புது ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கூகுள் மேப், பயண முன்பதிவுத் தளங்கள், முகநூல் பக்கம் ஆகியவற்றில் உள்ள பழைய இணைப்பையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.