ஏர்பிரஷ் வாங்கப் போய் 9,400 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

நேற்று ராத்திரிதான் அதை விற்ற ஆள் என்னை பிளாக் செய்தான். ஆத்திரத்தில் தூக்கமே வரவில்லை, விடியட்டும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன். ஏமாறாமல் வாங்குவது எப்படி என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாட் (Gnat) போர் விமானத்தை 1/72 அளவில் பிளாஸ்டிக் மாடலாகச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகருக்கு மேலே நம்ம விமானப்படை வீரர் நிர்மல்ஜித் சிங் சேகோன் ஓட்டினாரே, அந்த ரகம். இந்த அளவில் அது கையில் வைத்தால் பேனா நீளம்கூட வராது, தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடுகள் மயிரிழைதான். பிரஷ்ஷால் ப்ரைமர் (பெயின்ட்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு) பூசினால் பாதிக் கோடு மூடிப்போகும். அதனால்தான் காற்றால் பெயின்ட்டை மெல்லிசாகத் தூவும் ஏர்பிரஷ்.

பழைய சாமான் விற்கும் ஆப் ஒன்றில் கிடைத்தது. 0.3 மி.மீ. ஊசி வைத்த டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ், டேங்க்கோடு கம்ப்ரசர், சீல் பிரிக்காத மிஸ்டர் சர்ஃபேசர் 1500 ப்ரைமர் மூன்று பாட்டில், எல்லாம் சேர்த்து 10,200. நான் தயங்கியதும் ஒரு வீடியோ அனுப்பினான். கறுப்பு பிளாஸ்டிக் ஸ்பூனில் சாம்பல் ப்ரைமர் பனி மாதிரி படிகிறது, அடுத்து காய்ந்த ஸ்பூனைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீறிக் காட்டுகிறான், ஒரு கோடு விழவில்லை. "நானும் மாடல் செய்றவன்தான் தம்பி, நம்ம ஆளுக்கு நானே குப்பையத் தருவேனா? ஆப்ல போட்டா கமிஷன் போயிடும், நேரா ஜிபே பண்ணுங்க, 9,400 போதும்" என்றான். அந்த "நம்ம ஆளு"வில்தான் விழுந்தேன். 800 ரூபாய் மிச்சம் என்று நினைத்து 9,400 ரூபாயையும் ஒரே தடவையில் அனுப்பினேன்.

பார்சல் பதினோரு நாள் கழித்து வந்தது. பாட்டிலைத் திறந்ததும் டிங்கரிங் பட்டறை வாசனை. சரி, லாக்கர் வகைப் பெயின்ட் என்றால் வாசனை இருக்கத்தானே செய்யும் என்று 1500-க்குச் சொல்கிற மாதிரி ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தின்னர் கலந்து, காற்றழுத்தம் 18 பிஎஸ்ஐ வைத்து, ஸ்பூனில் அடித்தேன். (2022 ஜூலையில் தடை வந்தபின் பிளாஸ்டிக் ஸ்பூன் கிடைப்பதே பெரும்பாடு, அம்மா எப்போதோ டப்பாவில் சேர்த்து வைத்தது.) ட்ரிகரை இழுத்தால் பெயின்ட் வரவில்லை, கப்புக்குள் பொக் பொக் என்று குமிழி. பெயின்ட் வெளியே வரும் நாசிலைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் வாயோரம் விரிசல், ஊசி நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது.

நண்பனின் ஏர்பிரஷ்ஷை வாங்கி அதே ப்ரைமரை அடித்தேன். ஐந்தே நிமிடத்தில் ஸ்பூன் முகம் ஆறின பாலில் ஆடை சுருங்குவது போல் சுருங்கியது. அதே தின்னரில் நண்பனுடைய ப்ரைமரைக் கலந்து அடித்த ஸ்பூனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டிலில் இருந்தது கார் ப்ரைமரும் என்சி தின்னரும்தான் என்று நினைக்கிறேன், ஸ்பூனும் கிட்டும் செய்கிற பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும். ஸ்பூனோடு போனது, கிட் தப்பித்தது.

போன் செய்தால், "ப்ரஷர் கூட வெச்சிருப்பீங்க தம்பி." அடுத்த நாள், "கூரியர்காரன் போட்டு உடைச்சிருப்பான் சார்." தம்பி எப்போது சார் ஆனேன் என்று தெரியவில்லை. "ஊர்ல இல்ல, திங்கக்கிழமை பார்க்கலாம்." இரண்டு திங்கக்கிழமை போயிற்று. ஆப்பில் புகார் செய்தால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, வருந்துகிறோம் என்று ஒரே வரிப் பதிலை மூன்று முறை அனுப்பினார்கள். 9,400 ரூபாய். என் அரை மாத வீட்டு வாடகை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், பொறுமை இல்லை. ஆப்புக்கு வெளியே காசு அனுப்பாதீர்கள். வீடியோ கேட்டால் உங்கள் பெயரையும் தேதியையும் தாளில் எழுதிப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஊசி, நாசில் இரண்டையும் கழற்றிப் படம் கேளுங்கள். எந்த ப்ரைமரானாலும் முதலில் ஸ்பூன், ஒரு நாள் காயவிட்டு டேப் ஒட்டி உரித்துப் பாருங்கள். ஏமாந்தால் என்னை மாதிரி இரண்டு வாரம் கெஞ்சாமல் அன்றைக்கே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு போன் அடியுங்கள். நான் இன்றைக்குத்தான் அடித்தேன், இன்னும் லைன் கிடைக்கவில்லை.