எந்தக் கம்பத்தில் எந்தக் கருவி? ஸ்கேனா, சிமிட்டலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் ஊர்களில் தெருவிளக்குக்கு மேல் லோராவான் கருவி (விளக்கைத் தொலைவிலிருந்து ரேடியோ வழியே இயக்குவது) மாட்டினால் முதல் தலைவலி இதுதான்: திரையில் தெரியும் எண் எந்தக் கம்பத்தில் இருக்கிறது?

ஒரு வழி, கருவியை மாட்டும் முன்பே அதன் கியூஆர் கோடைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து, ஜிபிஎஸ்ஸோடு பதிவது. வேகமான வேலை. கருவியின் அடையாள எண் 64 பிட், அதாவது எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த 16 குறிகள். கையால் எழுதினால் 8க்கும் பி-க்கும் குழப்பம் வரும். ஆனால் செம்பனை மட்டைகளுக்கு அடியில் ஜிபிஎஸ் தள்ளாடும். இரட்டைக் கை கம்பத்தில் இரண்டு விளக்குக்கும் ஒரே இடம்தான் காட்டும். அப்புறம், யாராவது கருவியை மாற்றிவிட்டு எழுதி வைக்க மறந்தால் பட்டியல் பொய்யாகிவிடும்.

இன்னொன்று, கட்டளை அனுப்பி விளக்கைச் சிமிட்ட வைப்பது. கிளாஸ் சி கருவி எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பதால் உடனே சிமிட்டும். கிளாஸ் ஏ என்றால் அது தானே பேசும் வரை லயத்து ஓரம் கொசுக்கடியில் நிற்க வேண்டியதுதான். கண்ணால் பார்ப்பதால் பொய் இல்லை.

என் ஓட்டு: மாட்டும்போது ஸ்கேன், அன்றிரவே சிமிட்டிச் சரிபார்ப்பு.

பழுது என்று வந்தால் கதை வேறு. செத்த கருவி சிமிட்டாது. அங்கே பழைய பதிவுதான் கை கொடுக்கும். வரிசையாகப் பத்துக் கம்பம் மௌனமா? ஏணியைத் தூக்காமல் முதலில் பிரேக்கர் பெட்டியைத் திறங்கள். ஒன்று மட்டுமா? நேமா சாக்கெட்டாக (கருவியைத் திருகி மாட்டும் விளக்கின் மேல் துளை) இருந்தால் கருவியைக் கழற்றி ஷார்ட்டிங் கேப், அதாவது மின்சாரத்தை நேராக விளக்குக்கு விடும் மூடி, மாட்டுங்கள். எரிந்தால் விளக்கு நல்லது, கோளாறு கருவியில்.