மேன் பக்க எச்சரிக்கைகள்: குரோஃபா, மேன்டாக்கா?

யூனிக்ஸ் வகைக் கணினிகளில் கட்டளைகளுக்கான கையேட்டுப் பக்கம்தான் மேன் பக்கம். அதை அடுக்கிக் காட்டும் கருவிகள் குரோஃப், மேன்டாக். பக்கத்தின் மூலத்தில் தவறு இருந்தால் இரண்டும் எச்சரிக்கை தரும். ஆனால் பார்க்கும் இடம் வேறு.

குரோஃபை '-மேன்', '-டபிள்யூடபிள்யூ', '-இசட்' தெரிவுகளோடு (எல்லாம் சிறிய எழுத்தில்) ஓட்டினால் பக்கம் அச்சாகாது, எச்சரிக்கைகள் மட்டும் வரும். இதன் பலம், பக்கத்தை நிஜமாகவே அடுக்கிப் பார்ப்பதுதான். நீண்ட யூஆர்எல் ஒன்று வரிக்குள் அடங்காவிட்டால் வரியைச் சீர்செய்ய முடியவில்லை என்று முறையிடும். யூஆர்எல்லில் சாய்கோடுகளுக்குப் பின் \: சேர்த்தால் அங்கே வரி உடையும். இந்த எச்சரிக்கை வரி அகலத்தைப் பொறுத்தது. அதனால் 80 எழுத்து அகலத்திலும் சோதியுங்கள். காட்டும் வரி எண்ணை அப்படியே நம்பவேண்டாம், பல நேரம் தவறு அதற்கு முந்தைய வரியில் இருக்கும்.

மேன்டாக்கின் 'லின்ட்' முறை, அதாவது பிழை தேடும் முறை, வரி எண்ணோடு நெடுவரிசை எண்ணும் தரும். வரிக்கடைசி வெற்றிடம், காலிப் பத்தி மேக்ரோ (மேக்ரோ என்பது பக்கத்தை வடிவமைக்கும் கட்டளை) என்று குரோஃப் கண்டுகொள்ளாத சில்லறைகளையும் பிடிக்கும். ஆனால் அகலச் சிக்கலைச் சொல்லாது.

உண்மையில் ஆபத்தானது வேறு. ஒற்றை மேற்கோளிலோ புள்ளியிலோ தொடங்கும் வரியை இரண்டுமே கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அப்படியொரு மேக்ரோ இல்லையென்றால் வரி முழுதும் பக்கத்திலிருந்து காணாமல் போகும்! வரியின் முன்னால் \& போட்டால் தீர்ந்தது.

எழுதும்போது மேன்டாக், வெளியிடுமுன் குரோஃப் என்பதே என் தேர்வு. பக்கம் வேறொரு கருவி உருவாக்கியதா? அப்படியானால் மூலக் கோப்பைத் திருத்துங்கள், இல்லையென்றால் அடுத்த பில்டில் உங்கள் திருத்தம் அழிந்துவிடும்.