சிவிக் டைப் ஆர் காருக்கு அளவெடுத்துச் செய்த ஹெட்டர்: காக்கி புக்கிட் பட்டறை ஒன்றின் வேலைத்தரம்

இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் புகையை வாங்கி ஒன்றாகச் சேர்க்கும் குழாய்த் தொகுப்பான எக்ஸாஸ்ட் ஹெட்டரைச் செய்யும் பட்டறையை அதன் வெல்டிங் கோடுகளின் அழகைக் கொண்டு எடைபோடும் பழக்கம் நம் கார் வட்டாரத்தில் வேரூன்றிவிட்டது. நீலமும் பொன்னிறமும் கலந்து சீராக அடுக்கப்பட்ட கோடுகளைப் படமெடுத்துப் பகிர்ந்தால் பாராட்டுக் குவிகிறது. அந்தக் குழாய் காரில் ஏறியபின் விரிசல் விடாமல் எத்தனை காலம் நிற்கும், இன்ஜினுக்கு என்ன தரும் என்பதைப் படம் சொல்வதில்லை. சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் இயங்கும் ஒரு சிறு பட்டறையைப் பற்றிய இந்த மதிப்புரையில், பற்றவைப்பதற்கு முன்பு நடந்த வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பட்டறையின் திறமையும் குறையும் வெளிப்பட்டது பெரும்பாலும் அங்கேதான். குறைகளையும் எழுதுவதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

கார், நானும் என் மச்சானும் பங்கு போட்டு வைத்திருக்கும் எஃப்டி2 ரக ஹோண்டா சிவிக் டைப் ஆர். 2007இல் ஜப்பானில் அறிமுகமாகி 2010 வரை தயாரிக்கப்பட்ட இந்தக் காரின் கே20ஏ இன்ஜின் 1,998 சிசி கொள்ளளவில், டர்போ எதுவும் இல்லாமல், நிமிடத்துக்கு 8,000 சுழற்சியில் 225 குதிரைத்திறன் தருகிறது. மூச்சு விடுவதில்தான் இதன் வலிமை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதால், ஹெட்டரை மாற்றும் ஆசை உரிமையாளர்களை எளிதில் விடுவதில்லை. ஆனால் சிங்கப்பூரில் அந்த ஆசைக்கு எல்லை உண்டு. சாலையில் ஓடும் காரின் எக்ஸாஸ்ட் அமைப்பை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். பட்டறையில் ஒரே ஒரு காருக்காகச் செய்யப்படும் குழாய்க்கு, பெரிய நிறுவனங்களின் தயாரிப்புகளுக்கு இருப்பதைப் போன்ற ஆய்வுக்கூடச் சான்று இருக்காது. அதற்கு மேல், வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டப்படும் பத்து வயது கடந்த கார் ஆண்டுதோறும் பரிசோதனை நிலையத்துக்குப் போக வேண்டும்.

ஆகவே எங்கள் தேவை சற்று விசித்திரமானது. சிங்கப்பூரில் ஓடும்போது ஹெட்டருக்குப் பதில் காரோடு வந்த தொழிற்சாலை மேனிஃபோல்டே இருக்க வேண்டும். மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகும் நாள்களில் மட்டும், தடத்துக்கு அருகிலுள்ள பட்டறையில் முந்தைய மாலையே இதைக் கழற்றிப் புதிய ஹெட்டரை மாட்ட வேண்டும். ஊர் திரும்புமுன் மீண்டும் பழையது. கே20ஏ இன்ஜினில் எக்ஸாஸ்ட் பக்கம் பின்புறம், பயணிகள் அறையைப் பிரிக்கும் ஃபயர்வாலை நோக்கி இருப்பதால், கை நுழையவே இடமில்லாத சந்தில் நட்டுகளைத் தேட வேண்டியிருக்கும். இன்ஜினுக்கு அடியிலுள்ள சட்டமான சப்ஃபிரேமை இறக்காமல் கழற்ற முடியாத ஹெட்டர் எங்களுக்கு எந்தப் பயனும் தராது. கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஹெட்டர்கள் ஒருமுறை மாட்டி அப்படியே விட்டுவிடுவதை எண்ணி வடிவமைக்கப்பட்டவை. அளவெடுத்துச் செய்யும் வழிக்கு நாங்கள் வந்த காரணம் இதுவே.

இந்தப் பட்டறைக்கு நான் முதல் மதிப்பெண் கொடுப்பது, காரைத் தூக்குவதற்கு முன்பே உரிமையாளர் கேட்ட கேள்விகளுக்காக. கார் எங்கே ஓடும், எந்தச் சுழற்சி எல்லையில் அதிக நேரம் இருக்கும், புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிப் பெட்டி எது, யார் கழற்றி மாட்டுவார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். சாலையில் இதை வைத்து ஓட்டுவதானால் ஒப்புதலுக்கு நீங்களே பொறுப்பு, அதற்கான தாள் எதையும் நாங்கள் தர முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். "பரிசோதனைக்கு முன்னால் கொண்டு வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று கண்சிமிட்டும் இடங்களையும் நான் அறிவேன்.

அடுத்து வந்தது குழாய்களின் அமைப்பு. நான்கு குழாய்களும் ஒரே இடத்தில் கூடும் நான்குக்கு ஒன்று வகையா, இரண்டிரண்டாகக் கூடிப் பின் ஒன்றாகும் நான்கு, இரண்டு, ஒன்று வகையா என்பது காலங்காலமாக நடக்கும் வாதம். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் கணத்தில் புறப்படும் அழுத்த அலை, குழாய் விரிந்து கூடும் இடத்தை அடைந்ததும் குறையழுத்த அலையாகத் திரும்பி வருகிறது. உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் குறுகிய இடைவெளியில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்து வெளியேற்றிப் புதுக் காற்றுக்கும் வழிவிடுகிறது. 8,000 சுழற்சியில் ஒரு முழுச் சுற்றுக்கு 7.5 மில்லிவினாடிதான் ஆகிறது. குழாயின் நீளம் மாறினால் அலை வந்து சேரும் நேரமும் மாறுவதால், எந்த நீளமும் எல்லாச் சுழற்சிக்கும் ஒத்துவராது. ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். கே20ஏ இன்ஜினின் எரிப்பு வரிசை 1, 3, 4, 2. ஒன்றையும் நான்கையும் ஒரு சோடியாகவும், இரண்டையும் மூன்றையும் மற்றொரு சோடியாகவும் இணைத்தால், ஒவ்வொரு சோடிக்குள்ளும் துடிப்புகள் 360 பாகை இடைவெளியில் வரும். ஒன்றின் புகை மற்றொன்றை இடறாது. நடுச் சுழற்சியில் இழுவை நிரம்பும்.

சிப்பாங் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், திருப்பங்கள் 15. இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளுக்கு நடுவே கொண்டையூசியாக மடங்கும் கடைசித் திருப்பத்திலிருந்து எவ்வளவு வலுவாக வெளியேறுகிறோம் என்பதே பிரதான நேர்ப்பாதையின் முடிவில் தெரியும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. உச்சச் சக்தியின் மீது கண் வைத்திருந்த மச்சான் நான்குக்கு ஒன்று வகையே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பட்டறைக்காரர் அவரை எதிர்த்துப் பேசாமல், காரின் கியர் விகிதங்களைத் தாளில் எழுதி, அந்தத் திருப்பத்திலிருந்து வெளியேறும் கணத்தில் இன்ஜின் எங்கே இருக்கும் என்று அவரையே கணக்கிடச் சொன்னார். அதன்பின் வாதம் எழவில்லை; நான்கு, இரண்டு, ஒன்று வகையே முடிவானது.

பற்றவைக்கும் வேலையைச் செய்தவர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அண்ணன். துவாஸ் கப்பல் பட்டறைகளில் பல ஆண்டு குழாய் வெல்டராக இருந்து, 45 பாகை சாய்வில் அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றிப் பற்றவைக்கும் 6ஜி தேர்வில் தேறியவர். முதலில் பிளாஸ்டிக் வளைவுத் துண்டுகளைக் கோத்து, காருக்குள்ளேயே நான்கு குழாய்களின் பாதையையும் அமைத்தார்கள். குழாய்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய நீளத்தில் இருக்க வேண்டும், இன்ஜின் தன் தாங்கிகளில் அசையும்போது எதிலும் முட்டக் கூடாது, ஒவ்வொரு நட்டுக்கும் ஸ்பானர் போக வேண்டும் என்ற மூன்று கட்டாயங்களும் ஒன்றோடொன்று மோதும் இடம் இது. இரண்டாம் குழாய்க்கான பாதை, நட்டுக்கு இடம் இல்லை என்பதற்காக முழுவதும் கலைக்கப்பட்டு மறுபடி அமைக்கப்பட்டது. இந்தக் கட்டத்தை அவசரப்படுத்தும் வாடிக்கையாளர் தன் பணத்தைத் தானே எரிக்கிறார் என்பேன்.

இன்ஜினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டோடு பொருந்தும் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள இணைப்புத் தகடான ஃபிளாஞ்சை, பயன்பாட்டிலிருந்து கழிக்கப்பட்ட ஒரு கே20 சிலிண்டர் ஹெட்டில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே பற்றவைத்தார்கள். எஃகு குளிரும்போது சுருங்கி ஃபிளாஞ்சை வில்லாக வளைத்துவிடும். வளைந்த ஃபிளாஞ்ச் எத்தனை கேஸ்கெட் போட்டாலும் புகை கசியும். ஒரு குழாயில் சிறிது, எதிர்ப்பக்கக் குழாயில் சிறிது என்று மாற்றி மாற்றிப் பற்றவைத்து, முடிந்ததும் முகத்தை மில்லிங் இயந்திரத்தில் சீவி எடுத்தார்கள். நேர்கோல் வைத்துப் பார்த்தபோது இடைவெளி அளக்கும் 0.1 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தகடு எங்கும் நுழையவில்லை.

நான் வெளிக் கோடுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் ஒரு சிறு கேமராவை நீட்டி, "தம்பி, வெளியே யாரு வேணும்னாலும் அழகா வைக்கலாம். உள்ளே விட்டுப் பாருங்க" என்றார். டிக் வெல்டிங் செய்யும்போது குழாயின் உட்புறத்திலும் ஆர்கான் வாயுவை நிரப்பாவிட்டால், வெந்த உலோகம் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உள்ளே கருகிப் பொரிந்துவிடும். அது புகையின் ஓட்டத்தைக் கெடுப்பதோடு, விரிசல் தொடங்கும் இடமாகவும் ஆகிவிடும். உதிர்ந்தால் வினையூக்கிப் பெட்டிக்குள் போய் விழும். இந்தக் குழாய்களின் உட்புறம் வெளிப்புறத்தைப் போலவே சுத்தமாக இருந்தது. உள்வாயுவுக்கு ஆகும் செலவும் நேரமும் கண்ணுக்குத் தெரியாதவை என்பதால், பட்டறைகள் முதலில் மிச்சம் பிடிப்பது இங்கேதான்.

உலோகத் தேர்வில் எங்களுக்கும் பட்டறைக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. அவர்கள் முன்மொழிந்தது 304 ரக ஸ்டெயின்லெஸ் எஃகு. நான் கேட்டது 321. ஏறத்தாழ 425 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நெடுநேரம் இருக்கும் 304இல் கரிமம் குரோமியத்தோடு சேர்ந்து உலோகத்தின் நுண்மணி விளிம்புகளை வலுவிழக்கச் செய்கிறது. 321இல் கலந்துள்ள டைட்டானியம் அந்தக் கரிமத்தை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்கிறது. டர்போ இல்லாத, எப்போதாவது மட்டும் தடத்தில் ஓடும் காருக்கு 304 போதும் என்ற அவர்களின் வாதம் நியாயமானதுதான். இரண்டுக்கும் உள்ள விலை வேறுபாட்டைக் கேட்டபின் நாங்களும் ஒப்புக்கொண்டோம். விரிவு விஷயத்தில் மட்டும் அவர்கள் எந்தச் சமரசத்துக்கும் இடம் தரவில்லை. அரை மீட்டர் நீளமுள்ள ஸ்டெயின்லெஸ் குழாய் 700 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம்கொடுக்காத குழாய் தன் பற்றவைப்பைத் தானே பிய்த்துக்கொள்ளும். ஹெட்டரை இரண்டு பகுதிகளாகப் பிரித்து, நடுவில் சுருள்வில் போட்ட நழுவு இணைப்புகளை வைத்ததால், கழற்றும் வசதியும் விரிவுக்கான இடமும் ஒரே ஏற்பாட்டில் கிடைத்தன.

இனிக் குறைகள். ஆக்சிஜன் சென்சார் பொருத்தும் திருகுவாயைக் குழாயின் அடிப்பக்கமாக வைத்திருந்தார்கள். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது குழாய்க்குள் படியும் நீர் சென்சாரில் தேங்கினால், அதன் உள்ளிருக்கும் சூடான பீங்கான் வெடித்துவிடும். கிடைமட்டத்துக்கு மேலே சாய்ந்திருக்க வேண்டும் என்பது அடிப்படைப் பாடம். சுட்டிக்காட்டியதும் கட்டணம் வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும், இத்தனை நுணுக்கம் பார்க்கும் இடத்தில் இது நடந்திருக்கக் கூடாது. சொன்ன தேதியில் வேலை முடியவில்லை. தாமதமாகும் என்பதையும் நாங்கள் அழைத்துக் கேட்ட பிறகே சொன்னார்கள். ரசீதில் "ஹெட்டர், ஒன்று" என்பதைத் தவிர எஃகின் ரகமோ குழாயின் தடிமனோ இல்லை; கேட்டபின் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வெப்பத்துணி சுற்றிக்கொள்ளுமாறு விடாமல் வற்புறுத்தியதும் எனக்குப் பிடிக்கவில்லை. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் அந்தத் துணி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உள்ளே குழாயின் வெப்பத்தையும் கூட்டும். ஃபயர்வால் பக்கம் ஒரு வெப்பத் தகடு வைப்பதே மேல் என்று மறுத்துவிட்டோம். துணி சுற்றினால் விரிசலுக்கான உத்தரவாதம் செல்லாது என்று அவர்களின் நிபந்தனையிலேயே இருந்தது. பிறகு ஏன் அதை விற்கிறார்கள்?

விலை, இறக்குமதியாகும் ஆயத்த ஹெட்டரைவிட ஏறக்குறைய இரு மடங்கு. ஜோகூரில் இதைவிடக் குறைவாகச் செய்வார்கள். ஆனால் மாதிரி அமைக்கும் கட்டத்தில் மீண்டும் மீண்டும் போய் நிற்க வேண்டிய வேலை இது. ஒவ்வொரு முறையும் சிங்கப்பூர்க் கார்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய முக்கால் டேங்க் பெட்ரோலோடு எல்லை கடக்கும் செலவையும் கடற்பாலத்தில் போகும் நேரத்தையும் சேர்த்தால் மிச்சமாவது அதிகமில்லை.

சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் வைத்து, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி அமைப்பான மேப்பைத் திருத்தியபோது உச்சச் சக்தியில் கூடியது சொற்பமே. 4,000 முதல் 6,000 சுழற்சி வரை முறுக்குவிசைக் கோடு நன்கு நிரம்பியிருந்தது. வால்வுகள் திறக்கும் அளவையும் நேரத்தையும் மாற்றும் விடெக் ஏற்பாடு மாறும் இடத்தில் முன்பிருந்த பள்ளமும் பெருமளவு தூர்ந்துவிட்டது. சிப்பாங்கில் கடைசித் திருப்பத்திலிருந்து வெளியேறும்போது அந்த வேறுபாட்டைக் கால் உணர்கிறது. ஒலி, எதிர்பார்த்ததைவிட அடக்கமானது. பழகிய கைகள் இரண்டு இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் ஹெட்டரை மாற்றிவிட முடிகிறது. சப்ஃபிரேமை ஒருமுறைகூடத் தொட வேண்டியிருக்கவில்லை.

மாட்டிச் சூடேறி ஆறியதும் ஃபிளாஞ்ச் நட்டுகளைத் திரும்ப முறுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கான முறுக்களவு எழுதிய தாளும் தந்தார்கள். குழாய்ப் பாதையின் அளவுகளைப் பட்டறை தன்னிடமே வைத்துக்கொள்கிறது. பின்னாளில் ஒரு குழாய் சேதமானால் அதே அளவில் செய்து தருவதாக வாய்மொழியாகத்தான் சொன்னார்கள். அங்கே வேலை கொடுப்பவர்கள், முன்பணம் கட்டும் நாளிலேயே அதையும் எஃகின் ரகத்தையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.