ஃபோல்டிங் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? கீலைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

பெங்களூரில் ஃபோல்டிங் சைக்கிள் வாங்கி வெளியூர்ப் பயணம் போக நினைக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். யாரோ வாடகைக்கு ஓட்டித் தேய்த்த வண்டியைப் புதுசு என்று சொல்லி 38,000 ரூபாய்க்கு என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பணம் போனதுகூடப் பெரிதில்லை. அந்த வண்டி கிருஷ்ணகிரிக்கு முன்னால் வரும் மேலுமலை இறக்கத்தில் மடங்கியிருந்தால் பின்னால் வந்த லாரிக்காரரால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

நான் இருப்பது அல்சூரில், அம்மா வீடு நாமக்கல் பக்கம். போகும்போது ஓட்டிக்கொண்டு போய், திரும்பும்போது மடக்கி பஸ் டிக்கியில் போட்டு வந்துவிடலாம் என்றுதான் இந்த வகை சைக்கிளைத் தேடினேன். சின்ன சக்கரத்தை வைத்துக்கொண்டு நெடுந்தூரம் போக முடியாது என்பார்கள், அது சரியில்லை. சக்கரத்துக்கு ஏற்றபடி கியர் அமைத்திருப்பதால் வேகம் பெரிதாகக் குறையாது. குழிகளில் மட்டும் அதிகமாகக் குதிக்கும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் நீண்ட இறக்கத்தில் சின்ன ரிம் சீக்கிரம் சூடாகும், நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் வாங்கப் போனேன்.

கடைக்காரர் தமிழ்தான். "கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க மேடம், கன்னியாகுமரி வரைக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார். எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டதற்கு நூற்றைம்பது கிலோ என்றார். பிறகு கம்பெனியின் கையேட்டைத் தேடிப் பார்த்தால், ஆளும் மூட்டையும் சேர்த்து 105 கிலோ என்று இருக்கிறது. இந்த வகை வண்டிகள் பலவற்றுக்கும் அளவு நூறு கிலோவை ஒட்டித்தான் இருக்கும்.

கூடவே ஒரு ஸ்பேர் டயரும் விற்றார், "இருபது இன்ச் எல்லாம் ஒண்ணுதான்" என்று. ஒன்றே இல்லை. 20 இன்ச் என்ற பெயரிலேயே, டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 406 மில்லிமீட்டர், 451 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு உண்டு. டயரின் பக்கவாட்டில் 40-406 என்பது போல அச்சிட்டிருப்பார்கள். என் ரிம் 406, அவர் கொடுத்த டயர் 451. ரிம்மில் உட்காரவே உட்காராது. நடுவழியில் டயர் கிழிந்திருந்தால் அதைப் பையில் சுமந்ததுதான் மிச்சமாகியிருக்கும்.

ஓசூர் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. சூளகிரிக்கு அப்புறம் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் ஃப்ரேமுக்கு நடுவிலிருந்து டக் டக் என்று சத்தம். மேலுமலை இறக்கத்தில் ஹேண்டில் ஒரு பக்கமும் சீட் ஒரு பக்கமும் இழுப்பது உடம்பிலேயே தெரிந்தது. இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்து, ஃப்ரேம் மடங்கும் இடத்தில் இருக்கும் கீலைப் பார்த்தேன். உள்ளங்கையை வைத்து அழுத்தி மூட வேண்டிய லிவர், ஒரு விரலால் தள்ளினாலே திறந்துகொண்டது. அதன் மேல் விழ வேண்டிய பாதுகாப்புக் கொக்கி பாதியில் நின்றது. கீலின் இரண்டு தகடுகளும் ஒட்டாமல், நடுவில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவு இடைவெளி.

கிருஷ்ணகிரியில் ஒரு பெரியவர், சைக்கிள் கடை வைத்திருப்பவர், கழற்றிக் காட்டினார். கீலுக்குள் தேய்ந்த இரும்பின் மேலேயே புதுப் பெயின்ட் அடித்திருந்தது. நகத்தால் சுரண்டினார், பொருக்குப் பொருக்காக வந்தது. லிவரை இழுத்துப் பிடிக்கும் போல்ட் கம்பெனி போல்ட்டே இல்லை, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதா போல்ட். மரை பாதிக்கு மேல் மழுங்கிப் போயிருந்தது. "ஏம்மா, இதையா புதுசுன்னு குடுத்தாங்க? இதுல ஏறாத, பஸ்ஸப் புடிச்சு வீட்டுக்குப் போ" என்றார். ஒரு பைசா வாங்கவில்லை அவர். கடைக்காரர்கள் எல்லோரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராததற்கு அவரும் ஒரு காரணம்.

விற்றவரோ, "இவ்ளோ தூரம் ஓட்டினா வாரன்டி கிடையாது மேடம்" என்று போனை வைத்துவிட்டார். கன்னியாகுமரி வரைக்கும் போகும் என்று சொன்ன அதே வாய். பில்லை எடுத்துப் பார்த்தால் 'சைக்கிள் - 1' என்று மட்டும் இருக்கிறது, ஃப்ரேம் எண் இல்லை. பெடல் அச்சுக்கு அடியில் குத்தியிருந்த எண்ணைப் படமெடுத்துக் கம்பெனிக்கே அனுப்பினேன். அந்த எண் நான் வாங்குவதற்கு முந்தின வருடமே வேறொரு பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பதில் வந்தது. அதைக் காட்டிய பிறகுதான், வார இறுதிகளில் வாடகைக்கு விட்ட வண்டி என்று கடைப் பையன் ஒத்துக்கொண்டான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். உடனே, 15,000 தருகிறேன், வாபஸ் வாங்குங்கள் என்று பேச வந்தார்கள். மறுத்துவிட்டேன். தேய்ந்த கீலை அடுத்தவருக்கும் விற்பார்கள் என்ற நினைப்பே எனக்குத் தாங்கவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கடையில் வண்டியைக் கையில் வாங்கியதும் மடக்கி விரித்துப் பாருங்கள். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, கீலின் மேல் விரல் வைத்துப் பாருங்கள், அசைவே இருக்கக் கூடாது. ஹேண்டில் தண்டின் கீலையும் அப்படியே. ஃப்ரேம் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அந்த எண்ணைக் கம்பெனிக்கு அனுப்பி, யார் பெயரில் எப்போது பதிவானது என்று கேளுங்கள். உங்களுக்கும் என்னைப் போலவே பதில் வந்தால் கீழே எழுதுங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுப்போம்.