உயிரெழுத்துக் கைவினைப் பெட்டி: குழந்தையின் கைக்கு எவ்வளவு வேலை இருக்கிறது?

தமிழ் உயிரெழுத்துகளைக் கொண்டு சிறு குழந்தைகளுக்கெனத் தயாரிக்கப்படும் கைவினைப் பெட்டிகள் இப்போது இணையக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றை இரண்டரை வயதான என் மகளுக்காக வாங்கி, 12 உயிரெழுத்துகளையும் ஆய்த எழுத்தையும் அவளுடன் உட்கார்ந்து செய்து முடித்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லவிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டியின் நோக்கம் மிக நல்லது, அட்டைகளின் தரமும் நன்று, ஆனால் குழந்தை செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியைத் தொழிற்சாலையே முடித்து அனுப்பிவிடுகிறது, எஞ்சியதில் பெரும்பகுதி பெற்றோரின் கைக்குப் போய்விடுகிறது.

பெட்டிக்குள் எழுத்துக்கு ஒன்றாக 13 தடித்த அட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எழுத்து வெளிக்கோடாக அச்சிடப்பட்டிருக்கிறது. அவற்றுடன் பஞ்சு, வண்ணத்தாள் துண்டுகள், ஐஸ்கிரீம் குச்சிகள், கம்பளி நூல், சட்டைப் பொத்தான்கள், ஒட்டும் கண்கள், மூன்று வண்ணக் குப்பிகள், ஒரு பசைக் குப்பி, ஒரு சிறு கையேடு ஆகியவை வருகின்றன. அட்டைகள் வளையாமல் தட்டையாக நிற்கின்றன. ஈர வண்ணம் பட்டும் உப்பவில்லை. வண்ணமும் துணியிலிருந்து சாதாரணச் சோப்பிலேயே போய்விட்டது. இரண்டு வயதுக் குழந்தையோடு வண்ணத்தில் வேலை செய்யும் எவருக்கும் இது சிறிய செய்தி அன்று.

இந்தப் பெட்டியில் மிகச் சிறப்பாக அமைந்தது எது என்று கேட்டால், தயங்காமல் ஆய்த எழுத்து என்பேன். அரிச்சுவடியில் உயிரெழுத்துகளுக்குப் பின்னால் கடைசியாக நிற்கும் இந்த எழுத்துதான் ஒரு சிறு குழந்தை தன் கையால் முழுமையாகச் செய்யக்கூடிய முதல் எழுத்து. கட்டைவிரலை வண்ணத்தில் தொட்டு மூன்று இடங்களில் அழுத்தினால் ஃ வந்துவிடுகிறது. கோடு இழுக்க வேண்டியதில்லை, சுழிக்க வேண்டியதில்லை, கத்தரிக்கோலும் தேவையில்லை. என் மகள் அட்டையில் ஒன்றைச் செய்துவிட்டு, பழைய நாளிதழ் முழுவதும் அதையே செய்துகொண்டிருந்தாள். கையேடு இதைக் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறது. வாங்குபவர்கள் இதிலிருந்தே தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

ஐ எழுத்துக்கு ஐந்து விரல்களின் பதிவும், இ எழுத்துக்கு இலைப் பதிவும் சொல்லப்பட்டிருக்கின்றன. இரண்டும் நல்ல தேர்வுகள். இலையைப் பெட்டியிலிருந்து எடுக்காமல் தோட்டத்திலிருந்தோ தெருவோரத்திலிருந்தோ பறித்து வரச் சொல்லியிருப்பது இன்னும் நல்லது. இலையின் அடிப்புறத்தில்தான் நரம்புகள் புடைத்திருக்கும். அந்தப் பக்கத்தில் வண்ணம் பூசிப் பதித்தால் நரம்பு தெளிவாக விழுகிறது. கொய்யா இலையில் இது மிக அழகாக வந்தது. வேப்பிலை சிறிதாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் குழந்தையின் பிடிக்கு நிற்கவில்லை.

ஆனால் ஆ எழுத்துக்கு வந்ததும் பெட்டி தடுமாறுகிறது. ஆடு என்று சொல்லி, எழுத்தின் மேல் வெள்ளைப் பஞ்சை ஒட்டச் சொல்கிறார்கள். நம் தெருக்களில் குழந்தை பார்க்கும் வெள்ளாட்டுக்குக் கம்பளி இல்லை. மேச்சேரி, இராமநாதபுரம் வெள்ளை ஆகிய நம் செம்மறி இனங்களுக்கும் அப்படி அடர்ந்த கம்பளி கிடையாது. குளிர்நாட்டுப் படப் புத்தகங்களில் வரும் ஆடு நம் எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. என் மகள் அதைப் பார்த்து மேகம் என்றாள். பழுப்பு, கருப்புத் தாளைக் குழந்தையே கிழித்து ஒட்டியிருந்தால் அவளுக்குத் தெரிந்த ஆடு கிடைத்திருக்கும். தாளைக் கிழிப்பது இந்த வயதில் விரல்களுக்கு மிகச் சிறந்த பயிற்சி என்பதால், முன்கூட்டியே வெட்டிய துண்டுகளைத் தருவதைவிட முழுத் தாள்களைத் தந்திருப்பதே மேலாக இருந்திருக்கும்.

இந்தக் குறைக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆங்கில எழுத்துகளுக்கென உருவான கைவினை முறைகளை அப்படியே எடுத்துத் தமிழுக்குப் பொருத்தியிருக்கிறார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பாதிக்கு மேல் நேர்கோடுகளால் ஆனவை. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி அவற்றைச் செய்துவிடலாம். தமிழில் குச்சிகளுக்கு இசைந்து வருபவை ட, ப முதலிய சில மெய்வரிசை எழுத்துகளே. உயிரெழுத்துகளில் ஈ மட்டும் ஓரளவு ஒத்துழைக்கும். அ எழுத்தோ ஒரு சிறு சுழியில் தொடங்கி, வளைந்து இறங்கி, கிடைக்கோடாக நீண்டு, நிமிர்ந்த கோட்டில் முடிகிறது. அதைக் குச்சியால் செய்ய முயன்றால் எழுத்து உடைந்துபோகும். ஏ எழுத்துக்கு ஏணி செய்வதற்கு மட்டும் குச்சிகள் பயன்பட்டன. மற்றவை பெட்டியிலேயே கிடக்கின்றன.

வளைவுகள் நிறைந்த நம் எழுத்துகளுக்கு உரிய பொருள் கம்பளி நூல்தான். அது பெட்டியில் இருந்தும், ஊ எழுத்தின் ஊஞ்சலுக்குக் கயிறாக மட்டுமே அதைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். நாங்கள் அதை எல்லா எழுத்துகளுக்கும் பயன்படுத்தினோம். அட்டையில் எழுத்தின் வழியே பசையைப் பெரியவர் தடவ வேண்டும். எழுதத் தொடங்கும் இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். குழந்தை அந்தப் புள்ளியிலிருந்து நூலை வைத்து விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். இப்படிச் செய்தால் எழுத்தின் வடிவம் மட்டுமல்லாமல், எங்கே தொடங்கி எந்தத் திசையில் செல்கிறது என்பதும் கைக்குப் பழகுகிறது. முதலில் உ எழுத்தை எடுத்துக்கொண்டால் எளிது: ஒரே இழையில் முடிந்துவிடும். பிள்ளையார் சுழியாக வீட்டில் ஏற்கெனவே கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும் வடிவமும் அது.

அலங்காரம் எழுத்தை மறைத்துவிடுவது இந்தப் பெட்டியின் பெரிய குறை என்று நினைக்கிறேன். ஓ எழுத்தின் கீழ்ப்பகுதியில் காகித ஓடத்தை ஒட்டச் சொல்கிறார்கள். ஒட்டி முடித்ததும் அந்த எழுத்தின் அடியிலுள்ள சுழிப்பு மறைந்து அது ஒ ஆகிவிடுகிறது. எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் இன்று நாம் எழுதும் முறையில் வேறுபடுவது 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தின் பயன் என்பார்கள்; அதற்கு முன் குறிலின் மேல் புள்ளி வைத்துக் காட்டினார்கள். எ, ஏ இரண்டுக்கும் இடையே ஒரு சிறு கோடும், ஒ, ஓ இரண்டுக்கும் இடையே ஒரு சிறு சுழிப்பும்தான் வேறுபாடு என்னும்போது, அந்த இடத்தில் எதையும் ஒட்டக் கூடாது. மாறாக, அந்தச் சிறு பகுதியை மட்டும் வேறு நிறத்தில் செய்யச் சொல்லியிருக்க வேண்டும். ஓடத்தை அட்டையின் ஓரத்தில் ஒட்டினாலும் அது ஓடம்தான்.

ஔ அட்டையில் இருப்பது அச்சுப் பிழை என்றே சொல்ல வேண்டும். ஒ, ள என்னும் இரண்டு எழுத்துகளைத் தனித்தனியே, முழு அளவில், இடைவெளியுடன் அச்சிட்டிருக்கிறார்கள். கணினியில் ஔ என்பதற்கென ஒரு தனிக் குறியீடு இருக்கும்போது, இரண்டு எழுத்துகளைச் சேர்த்துத் தட்டச்சு செய்ததன் விளைவு இது. எழுத்தையே விற்பனைப் பொருளாகக் கொண்ட ஒரு பெட்டியில் இதை ஒருவர்கூடக் கவனிக்காமல் விட்டது வருத்தமளிக்கிறது. அந்த அட்டையை ஒதுக்கிவிட்டு, வேறு அட்டையில் நாமே வரைந்துகொண்டோம்.

பாதுகாப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். உறையில் 2 வயது முதல் என்று அச்சிட்டிருக்கிறார்கள்; உள்ளே பொத்தான்களும் ஒட்டும் கண்களும் இருக்கின்றன. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கையில் கிடைப்பதை வாயில் வைப்பார்கள். சிறு பொருள்களைச் சோதிக்கப் பன்னாட்டு அளவில் பயன்படும் உருளையின் உள்விட்டம் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர். அதற்குள் முழுவதுமாக அடங்கும் எந்தப் பொருளும் அந்த வயதுக் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியதாகவே கருதப்படும். இந்தப் பொத்தான்கள் அந்த அளவில் பாதிகூட இல்லை. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. கல்வி விளையாட்டு என்றே தன்னை அழைத்துக்கொள்ளும் இந்தப் பெட்டியில் அந்த முத்திரையை நான் காணவில்லை. வாங்குவோர் பெட்டியைப் பிரித்தவுடன், குழந்தை பார்ப்பதற்கு முன்பே, பொத்தான்களையும் கண்களையும் எடுத்து அப்புறப்படுத்திவிட வேண்டும். அவற்றுக்குப் பதிலாகச் சுண்டுவிரலால் வைத்த கருப்புப் புள்ளியே கண்ணாகப் போதுமானது.

விலை 600 ரூபாயை ஒட்டி இருக்கிறது. அட்டைக்கும் வண்ணத்துக்கும் அது நியாயமான தொகைதான். ஆயினும், இதே வேலையை வீட்டிலுள்ள பொருள்களால் இன்னும் நன்றாகச் செய்ய முடியும் என்பதால், பெட்டியில் இல்லாத ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். அது உப்புத்தாள் எழுத்து. 1907இல் உரோம் நகரில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை வழவழப்பான அட்டையில் ஒட்டி, குழந்தை அதை ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார். அவர் 1939இல் சென்னைக்கு வந்து, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து அ எழுதவைக்கும் விஜயதசமி வழக்கமும், திண்ணைப் பள்ளிக்கூடத்து மணல் எழுத்தும் இருந்த ஊரில் அந்த முறை அந்நியமாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

உப்புத்தாள் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். பின்புறம் அச்சிட்டிருக்கும் எண் கூடக்கூட மணல் நுண்மையாகும். 60, 80 ஆகியவை குழந்தையின் விரலைச் சிராய்க்கும், 150ஐ ஒட்டிய தாள் சரியாக இருக்கும். மணல் உள்ள பக்கத்தில் பென்சில் ஓடாது என்பதால், தாளின் பின்புறத்தில் எழுத்தை இடவலம் மாற்றி வரைந்து வெட்ட வேண்டும். வீட்டில் நன்றாக வெட்டும் கத்தரிக்கோலை இதற்கு எடுக்க வேண்டாம். அதன் முனை மழுங்கிவிடும். வெட்டும் வேலை முழுவதும் பெரியவருடையது. பசை தடவிய அட்டையில் எழுத்தை அழுத்தி ஒட்டுவதும், பிறகு தடவிப் பார்ப்பதும் குழந்தையுடையவை. இந்த அட்டைகளை என் மகள் தானாகவே எடுத்துத் தடவுகிறாள். பெட்டியில் செய்த அட்டைகள் சுவரில் அழகாகத் தொங்குகின்றன, ஆனால் அவற்றை அவள் கேட்பதில்லை.

ரவையைத் தட்டில் மெல்லப் பரப்பி விரலால் எழுதவைப்பதும் அதே வகையைச் சேர்ந்தது. கோலமாவை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். கடையில் விற்கும் கோலமாவு பெரும்பாலும் கல் பொடி. அதன் தூசியும் ஆகாது, வாய்க்குள் போகவும் கூடாது. ஒரு கப் மைதா, அரை கப் உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், வெதுவெதுப்பான நீர் ஆகியவற்றைப் பிசைந்து, மஞ்சள்தூளோ பீட்ரூட் சாறோ சேர்த்தால் உருட்டி விளையாட மாவு கிடைக்கும். அதை நீளத் திரியாக உருட்டிக் கொடுத்தால் குழந்தை எழுத்தின் மேல் வைத்து வளைத்துக்கொள்ளும். உப்பு மிகுதியாக இருப்பதால் குழந்தை அதைத் தின்றுவிடாமல் அருகிலேயே இருக்க வேண்டும்.

பெட்டியுடன் வரும் பசை நீர்த்திருக்கிறது. பஞ்சையும் மெல்லிய தாளையும் மட்டுமே தாங்குகிறது, குச்சிகள் மறுநாளே உதிர்ந்தன. கையேட்டின் தமிழ் நடை தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் இது குழந்தையின் வேலை, இது பெரியவரின் வேலை என்று பிரித்துச் சொல்லியிருந்தால் மிகவும் பயன்பட்டிருக்கும். இரண்டு வயதில் நிமிர்ந்த கோட்டையும், மூன்று வயதை ஒட்டி வட்டத்தையும் பார்த்து வரையத் தொடங்கும் குழந்தையிடம், வெளிக்கோட்டுக்குள் வண்ணம் நிரப்பு என்று சொல்வது பொருந்தாது. இந்தக் கையேடு அதை நான்கு எழுத்துகளுக்குச் சொல்கிறது.

நான்கு வயதை எட்டிய குழந்தைக்கு இதை வாங்கித் தரலாம். அந்த வயதில் பொத்தான்களும் பெரியவரின் கண்காணிப்பில் பயன்படும், கத்தரிக்கோலும் ஓரளவு பழகியிருக்கும். அதைவிடச் சிறிய குழந்தையாக இருந்தால், அந்தப் பணத்தில் ஆறாவது பங்கைக்கூடச் செலவழிக்காமல் ஓர் உப்புத்தாள், இரண்டு சார்ட் அட்டைகள், ஒரு நூல் உருண்டை ஆகியவற்றை வாங்கி ஆய்த எழுத்திலிருந்து தொடங்கலாம். மெய்யெழுத்துகளுக்கும் இதே நிறுவனம் ஒரு பெட்டி விற்கிறது. அதை வாங்க நினைப்பவர்கள், விற்பனைப் பக்கத்தில் உள்ள படங்களை உருப்பெருக்கி ண, ன ஆகியவற்றின் சுழிகள் ஒட்டும் பொருள்களால் மறைக்கப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளவும்.