டிவி யூனிட் செய்யக் கொடுக்கும் முன் அடிப் பலகையையும் புரட்டிப் பாருங்கள்

மேடவாக்கத்தில் பழைய பிளாட் வாங்கி, ஹாலில் ஒரு சுவர் முழுக்க டிவி யூனிட் போட்டோம். 10 அடி அகலம், 8 அடி உயரம், சதுர அடி 1,400 ரூபாய். மொத்தம் 1,12,000. கொட்டேஷனில் இருந்தது ‘18 எம்எம் வாட்டர்ப்ரூஃப் பிளை’ என்ற ஒரே வரி.

பலகை வந்து இறங்கிய அன்று கான்ட்ராக்டரே என்னைக் கூப்பிட்டு, மேலே கிடந்த பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையையும் ஐஎஸ் 710 என்ற எண்ணையும் காட்டினார். “மரைன் பிளை சார், கொதிக்கிற தண்ணில போட்டாலும் பிரியாது.” போட்டோ வேறு எடுத்துக்கொண்டேன். அடியில் இருந்தவற்றைப் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. மறுநாள் ஆபீஸ் முடிந்து வருவதற்குள் மேலே லேமினேட் தாள், ஓரத்தில் எட்ஜ் பேண்டு பட்டை எல்லாம் ஒட்டியாகிவிட்டது. அதற்கப்புறம் உள்ளே என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஐப்பசி மழையில் கீழ் டிராயர் இறுகிக்கொண்டது. கேபிளுக்கு அவர் விட்ட பைப்போ முக்கால் இன்ச். இரண்டு வளைவு வேறு. எச்டிஎம்ஐ முனை நுழையவே இல்லை. புதிதாகத் துளை போட வந்த எலக்ட்ரீஷியன் தம்பி டிரில்லை நிறுத்திவிட்டு, “அண்ணே, இது பிளைவுட்டே இல்லண்ணே” என்றார். பிளைவுட்டில் சிராய் வரும். இதில் கோதுமை மாவு போலக் கொட்டியது. மரநாரைப் பசை போட்டு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை! நிஜமான பிளை, கண்ணுக்குத் தெரியும் நாலு கதவுகளில் மட்டும்தான்.

எரிச்சலில் டேப்பை எடுத்து அளந்தேன். டிவிக்குப் பின்னால் 5-க்கு 4 அடி வெறும் பெயின்ட் அடித்த சுவர். அந்த 20 சதுர அடியும் பில்லில் உண்டு. பலகையே இல்லாத இடத்துக்கு 28,000 ரூபாய்!

போன் செய்தால், “மழைக்காலம்னா அப்படித்தான் சார்.” அடுத்த முறை, “உங்க பாத்ரூம் கசிவுக்கு நான் என்ன பண்றது?” அப்புறம் எடுப்பதே இல்லை. (அந்தச் சுவருக்குப் பின்னால் பாத்ரூம் இருப்பது உண்மை. கசிவைச் சரி செய்யாமல் யூனிட் போட்டது என் தப்பு.)

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. ஆனால் என் கையில் பில்லும் இல்லை, ஐஎஸ் எண் எழுதிய தாளும் இல்லை. வாட்ஸ்அப்பில் அந்த ஒரு வரிதான். கொட்டேஷனிலேயே கம்பெனி பெயர், ஐஎஸ் 710, எத்தனை பலகை, எந்த இடத்துக்கு அளவு போடுகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். கேபிளுக்கு 2 இன்ச் பைப் கேளுங்கள்.

இப்போது கசிவை அடைத்துவிட்டு, கீழ்ப்பகுதியை வேறு ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன். இந்த முறை கடைக்கு நானே போய், என் பெயரில் பில் போட்டு, ஒவ்வொரு பலகையிலும் மார்க்கரால் கையெழுத்துப் போட்டேன். வெட்டி மிஞ்சிய துண்டையும் பழைய எம்டிஎஃப் துண்டையும் ஒரே பாத்திரத்தில் கொதிக்க வைத்தேன். எம்டிஎஃப் ஊறிய ரஸ்க் மாதிரி ஆகிவிட்டது. பிளை அசையவில்லை. பாத்திரத்தைத்தான் மனைவி சமையலறைக்குள் விட மறுக்கிறாள்.